பெங்களூரில் காய்கறி, பழம் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர் பகுதியில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாரந்தோறும் மொத்தமாகக் காய்கறி வாங்குகிறோம். வாங்கிப் பங்கிடும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

பெங்களூருக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது? எல்லாம் ஊட்டிக் காய்தானா?

இல்லை. ஊட்டியிலிருந்து வருவது கேரட், பீட்ரூட் போன்ற சில காய்களில் ஒரு பகுதிதான். பெங்களூரும் அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலமும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் குளிர்காலத்தில் மட்டும் வரும் பீன்ஸ், முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் இங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் விளைகின்றன. கோலார், மாலூர், சிந்தாமணி, சிக்கபள்ளாப்பூர், தொட்டபள்ளாப்பூர், ஹொசகோட்டே, ஆனேக்கல் ஆகிய ஊர்களும் எல்லை தாண்டி ஓசூர், ராயக்கோட்டைப் பக்கமும்தான் இந்த நகரத்தின் தோட்டம்.

வெங்காயம் சித்ரதுர்கா, கதக், விஜயபுரா, நாசிக் பகுதிகளிலிருந்து வருகிறது. உருளைக்கிழங்கு ஹாசனிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும், முருங்கை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகின்றன. காய்கறிக்குக் கலாசிபாளையம், வெங்காயம் உருளை பூண்டுக்கு யஷ்வந்தபுரம், பழத்துக்குச் சிங்கேன அக்ரஹாரா என்று மொத்தச் சந்தைகள் பிரிந்திருக்கின்றன. கீழே வரும் பதில்களில் இந்த ஊர்ப் பெயர்கள் மீண்டும் வரும்.

போன வாரம் தக்காளி கிலோ 30 ரூபாய், இந்த வாரம் 60. ஒரே வாரத்தில் விளைச்சல் பாதியாகிவிடுமா?

விளைச்சல் பாதியாக வேண்டிய அவசியமே இல்லை. தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கும் வீடுகள் குறைவு. விலை ஏறினாலும் எல்லோரும் வாங்கத்தான் செய்வார்கள் என்பதால், வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை தாவிவிடுகிறது. இரண்டு நாள் மழை பெய்தால் பறிப்பு நின்றுபோகும். பறித்த பழத்திலும் வெடிப்பும் அழுகலும் கூடும்.

இன்னொரு காரணம் நம் ஊர் வானிலையோடு சம்பந்தமே இல்லாதது. கோலார்ச் சந்தைத் தக்காளி பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. வட மாநிலங்களில் விளைச்சல் ஓய்ந்திருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கோலாரிலிருந்து லாரிகள் டெல்லிக்கும் வங்காளத்துக்கும் போகின்றன. அந்த மாதங்களில் டெல்லிக்காரர் கொடுக்கும் விலையைத்தான் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நாமும் கொடுக்கிறோம்.

2023 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முந்தைய பருவத்தில் விலை கிடைக்காததால் பலர் நடவைக் குறைத்திருந்தார்கள். மழையும் இலைச்சுருள் நோயும் சேர்ந்துகொண்டன. கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். நாற்று நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்ப்பு தொடங்கிவிடும். செப்டம்பரில் விலை சரிந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாத நிலை வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொண்டால் மற்ற காய்களின் விலையும் பாதி புரிந்துவிடும்.

எந்த மாதத்தில் எது மலிவு என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்கறி வாங்க நல்ல காலம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பச்சைப் பட்டாணி, கேரட், கீரை, மொச்சை எல்லாம் தரமாகவும் மலிவாகவும் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திராட்சையும் தர்ப்பூசணியும். மார்ச்சிலிருந்து மே வரை முருங்கை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை மாம்பழமும் பலாவும், ஜூன் ஜூலையில் நாவல், மழைக்காலத்தில் குடகு, சிக்கமகளூருவிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சீத்தாப்பழம், செப்டம்பருக்குப் பின் புது ஆப்பிள், நவம்பர் முதல் நாகபுரி ஆரஞ்சு. பப்பாளியும் வாழையும் எப்போதும் உண்டு.

சிரமமான காலம் இரண்டு. ஒன்று ஏப்ரல், மே வெயில்; மற்றொன்று செப்டம்பர், அக்டோபர் மழை. இந்த நகரத்தில் அதிக மழை பெய்வதே அந்த நாள்களில்தான். வாரப் பட்டியலை அப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் மாதங்களில் பூசணி, சுரை, புடலை போன்ற கொடிக்காய்கள் நன்றாகத் தாங்கும்.

மே மாதம் பீன்ஸ் ஏன் இந்த விலை? மார்கழியில் முருங்கைக்காய் ஏன் அந்த விலை?

பீன்ஸ் செடிக்கு வெயில் ஆகாது, பூ உதிர்ந்துவிடும். முருங்கை நேர் எதிர்: பனியும் மழையும் பூவை உதிர்க்கும். தமிழ்நாட்டு முருங்கை நின்றுபோகும் அந்த வாரங்களில் குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து வரும் காயைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. லாரி வாடகையும் விலையில் ஏறிவிடுகிறது. பங்குனி வரை பொறுத்தால் அதே முருங்கை வாங்க ஆளில்லாமல் கிடக்கும்.

தீபாவளி நெருங்கினால் வெங்காயம் ஏறுகிறதே, பதுக்கல்தானே காரணம்?

பதுக்கலும் சில ஆண்டுகளில் நடக்கிறது. ஆனால் அடிப்படைக் காரணம் பயிரின் நாள்காட்டி. நாட்டின் வெங்காய விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் ரபி என்னும் குளிர்காலப் பயிர்ப் பருவத்தில் வளர்ந்து, மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. சேமித்து வைக்க ஏற்றது அந்த வெங்காயம்தான். அக்டோபர் வரை நாடு முழுவதும் அதைத்தான் சாப்பிடுகிறது. மாதம் செல்லச் செல்ல எடை குறையும், முளைக்கும், அழுகும். சேமிப்பு தீர்கிற நேரத்தில் சித்ரதுர்கா, கதக் பகுதிகளின் புது வெங்காயம் வந்து கைகொடுக்க வேண்டும். அறுவடை நேரத்து மழையில் அது நனைந்துவிட்டால் இரண்டு பக்கமும் அடி.

2019இல் அப்படித்தான் ஆயிற்று. செப்டம்பர் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. துருக்கி, எகிப்து வெங்காயம் இறக்குமதியானது.

நம் பக்கத்துக் கோலார், சிக்கபள்ளாப்பூரில் விளையும் சிறிய இளஞ்சிவப்பு வெங்காயம் வேறு வகை. 'பெங்களூர் ரோஸ்' என்ற பெயரில் 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே அதைச் சமைப்பவர்கள் குறைவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர்கள் அதைச் சாம்பாரில் போடுகிறார்கள். ஏற்றுமதித் தடை வரும்போதெல்லாம் இந்த விவசாயிகள் வேறு போக்கில்லாமல் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் வாழை விலை குறையும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே ஆடியிலேயே ஏலக்கி வாழை 100 ரூபாயைத் தாண்டுகிறதே?

கன்னடர்களுடைய ஆஷாட மாதம் சந்திரனை வைத்துக் கணக்கிடப்படுவது. நம் ஆடி சூரியனை வைத்து. பெரும்பாலான ஆண்டுகளில் ஆடி அமாவாசையோடு அவர்களுக்கு ஆஷாடம் முடிந்து, மறுநாளே சிராவணம் தொடங்கிவிடுகிறது. நமக்கு ஆடி இன்னும் பாதி மிச்சமிருக்கும்போதே அவர்களுக்கு விரதங்களும் முகூர்த்தங்களும் ஆரம்பம். வரமகாலட்சுமி, விநாயகர் சதுர்த்தி என்று அடுத்தடுத்து வரும். ஏலக்கி வாழை, பூ, தேங்காய் எல்லாம் ஏறும்.

வாழைப்பழத்தைப் பூஜைக்கு முந்தைய நாள் வாங்காதீர்கள். நான்கு நாள் முன்பே பச்சையாகத் தார் அல்லது சீப்பு வாங்கி வீட்டில் தொங்கவிட்டால் விலையும் குறைவு, பூஜை நாளில் பதமாகவும் பழுத்திருக்கும். ஆயுத பூஜைக்கு வெள்ளைப் பூசணிக்கும் இதே யோசனைதான். அது வாரக்கணக்கில் கெடாது.

ஒரே நாளில் தள்ளுவண்டியில் ஒரு விலை, ஹாப்காம்ஸில் ஒரு விலை, செயலியில் ஒரு விலை. எது சரியான விலை?

மூன்றும் வெவ்வேறு சரக்கு. மண்டியில் ஒரே காய் இரண்டு மூன்று தரமாகப் பிரிந்து விற்கப்படுகிறது. செயலிக்காரர்கள் ஒரே அளவான முதல் தரத்தை எடுத்துப் பொட்டலமிடுகிறார்கள். ஆளை இழுக்க வெங்காயம், தக்காளியை அடக்க விலைக்கும் கீழே கொடுத்துவிட்டு மற்றதில் ஈடுகட்டுவதும் உண்டு. எனவே ஒரு பொருளின் விலையை ஒப்பிடாமல் மொத்தப் பையின் விலையை ஒப்பிடுங்கள். தள்ளுவண்டிக்காரர் விடியற்காலையில் வாங்கியதை அன்றே விற்றாக வேண்டும். காலையில் அவர் சொல்லும் விலையில் மாலையில் வாடிப்போகும் காயின் நஷ்டமும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இருட்டும் நேரத்தில் கூறு கட்டி மலிவாகக் கொடுக்கிறார்.

ஹாப்காம்ஸ் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். தோட்டக்கலை அறிஞர் எம்.எச். மரிகௌடாவின் முயற்சியில் 1959இல் திராட்சை விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்டது. விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்து, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியில் வாங்குங்கள். அதைவிட நான்கைந்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. வாசலுக்கு வந்து கொடுக்கும் உழைப்புக்கு அந்தப் பணம் தகும்.

நேராகக் கலாசிபாளையம் போய் வாங்கினால் மிச்சமாகுமா?

ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்றால் ஆகாது. மொத்த வியாபாரம் மூட்டையிலும் பெட்டியிலும் நடக்கிறது; ஆட்டோ செலவு மிச்சத்தை விழுங்கிவிடும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் நிச்சயம் மிச்சமாகும். விடியுமுன் போனால் நல்ல தரம் கிடைக்கும், விலை கறாராக இருக்கும். வெயில் ஏறியபின் போனால் விலை இறங்கும், நல்லது போயிருக்கும். கொத்தமல்லி, புதினா, கீரை மட்டும் தாமதமாக வாங்கவே கூடாது. சில்லறையாக வாங்க கே.ஆர். மார்க்கெட்டும் மடிவாளாவும் வசதி. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் தமிழிலேயே பேசி வாங்கலாம்.

நாட்டுத் தக்காளி வாங்குவதா, ஹைப்ரிட் வாங்குவதா?

ரசத்துக்கும் சட்னிக்கும் நாட்டி (நாட்டுத் தக்காளியை இங்கே இப்படிச் சொல்வார்கள்). புளிப்பும் சாறும் அதில்தான். தோல் மெல்லியதாக இருப்பதால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஹைப்ரிட் தோல் தடித்தது. லாரிப் பயணத்தைத் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. வாரம் முழுவதும் வைக்க அதுவே நல்லது. மழை நாள்களில் நாட்டி வாங்கினால் பாதி அழுகிப் போகும், அப்போது ஹைப்ரிடே போதும்.

உருளைக்கிழங்கு சில சமயம் இனிக்கிறதே, வறுத்தால் கறுத்தும் போகிறது. கெட்டுப்போனதா?

கெட்டது அன்று. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்தது. ஆக்ரா உருளை பிப்ரவரி, மார்ச்சில் தோண்டப்பட்டுக் கிடங்குக்குப் போய், பல மாதங்கள் கழித்தும் சந்தைக்கு வருகிறது. குளிரில் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. சில நாள் வெளியில் வைத்திருந்தால் இனிப்பு ஓரளவு குறையும். வீட்டில் உருளையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதுவே நடக்கும் என்பதால் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் வரும் ஹாசன் உருளை புதியது, தோல் மெல்லியது, நீர் அதிகம். சுவை நன்று, நாள் தாங்காது. பச்சை படர்ந்த உருளையை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

மாம்பழம் எப்போது வாங்கலாம்? கல் வைத்துப் பழுக்க வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

கர்நாடகத்தில் முதலில் வருவது ராமநகரம் பக்கத்து மாம்பழம், ஏப்ரலில். கோலார், சீனிவாசபுரம் வரத்து மே மாதத்தில் வலுக்கும். ஊரில் அல்போன்சா என்று கேட்டவர்கள் இங்கே பாதாமி என்று கேளுங்கள். பாதாமி, ரசபுரி, செந்தூரா முதலில், ஜூனில் மல்லிகா, கடைசியில் நீலம். மார்ச்சில் தட்டில் அடுக்கியிருக்கும் பழத்தை விட்டுவிடுங்கள். முற்றாத காயை முதல் விலைக்காகப் பறித்து வலுக்கட்டாயமாகப் பழுக்க வைப்பது அந்த வாரங்களில்தான் அதிகம்.

கல் என்று சொல்லப்படும் கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கக்கூடும். எத்திலீன் வாயுவுக்கு 2016 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. பழம் தானாகவே உண்டாக்கும் வாயு அதுதான், பயப்பட வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லும் வழி கிடையாது. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்: மேலே ஒரே சீராக மஞ்சள், காம்புப் பக்கம் மணமே இல்லை, வெட்டினால் கொட்டையருகே வெளுத்துப் புளிக்கும்.

தண்ணீரில் மிதந்தால் கார்பைடு என்று பரவும் செய்தியை நம்பாதீர்கள். முற்றிய மாங்காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். அந்தச் சோதனை முற்றலைச் சொல்லும், கல்லைச் சொல்லாது.

மே மாதத்தில் ஆப்பிள் வாங்கலாமா? ஸ்டிக்கர் ஒட்டியது தரமானதுதானே?

இமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் ஜூலைக் கடைசியிலிருந்து நவம்பர் வரை பறிக்கப்படுகிறது. மே மாதம் கிடைப்பது கிடங்கில் இருந்தது அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தது. சாப்பிடக் கேடில்லை, ஆனால் அந்த விலைக்கு அப்போது வரும் மாம்பழமும் பலாவும் எவ்வளவோ மேல். நான்கு இலக்க எண் உள்ள ஸ்டிக்கர் பழத்தின் வகையைக் குறிக்கும் எண்ணைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. எண்ணே இல்லாமல் பெயர் மட்டும் மினுமினுக்கும் ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். சில நேரம் அடிபட்ட இடத்தை மறைப்பதற்கும் அதை ஒட்டுவார்கள்.

அவரைக்காய்க்கு இங்கே ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? கோடையில் வாங்கினால் அந்த மணம் இல்லையே?

பெங்களூர்க்காரர்கள் அவரெக்காய் என்பது நம் மொச்சை. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தார் இதன் பிதுக்குப் பருப்புக் குழம்பை நன்றாக அறிவார்கள். பழைய நாட்டு ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும், அதனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் காய்ப்பு. பனியில் காயின் மேல் பிசுபிசுப்பாக ஊறும் எண்ணெய்தான் 'சொகடு' என்று இங்கே சொல்லும் மணம். கையில் ஒட்ட வேண்டும்; ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள். மாகடிப் பக்கத்துக் காய்க்குத் தனிப் பெயர் உண்டு. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை ரகங்கள் எந்த மாதத்திலும் காய்க்கும்; கோடையில் நீங்கள் வாங்கியது அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

ஜனவரியை ஒட்டி நடக்கும் அவரெபேளே மேளாவுக்கு (மொச்சைப் பருப்புத் திருவிழா) ஒருமுறை போய்வாருங்கள். பருவத் தொடக்கத்தில் விலை அதிகம். பொங்கல் கழிந்த இரண்டு வாரத்தில் விலை இறங்கும், பருப்பும் திரண்டிருக்கும்.

கீரை சாக்கடைத் தண்ணீரில் வளர்கிறது என்கிறார்களே, உப்புத் தண்ணீரில் கழுவினால் போதுமா?

நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து செல்லும் விருஷபாவதி ஆற்றின் நீர் பைரமங்கலம் ஏரிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. கழிவுநீரில் விளைந்த காய்களில் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீரைகள் அவற்றை அதிகம் உறிஞ்சும். உப்புத் தண்ணீரால் மண்ணும் புழுவும் கிருமிகளில் ஒரு பங்கும் போகும். செடிக்குள் ஏறிய உலோகம் போகாது.

அதனால் கீரையில் மட்டும் விலையைப் பார்க்காமல் விளைந்த இடத்தைக் கேளுங்கள். ஒரே கீரைக்காரரிடம் தொடர்ந்து வாங்கினால் அவரே சொல்வார். மண்ணும் இடமும் இருப்பவர்கள் மாடியில் வெந்தயக்கீரை போடலாம், மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம்.

விலை ஏறும்போது அந்தப் பணம் விவசாயிக்குத்தானே போகிறது? அப்படியானால் குறை சொல்லக் கூடாதல்லவா?

ஒரு பங்கு போகிறது. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின்படி, நாம் கொடுக்கும் 100 ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33, வெங்காய விவசாயிக்கு 36, உருளை விவசாயிக்கு 37 ரூபாய்தான் சேர்கிறது. மீதியில் மண்டிக் கமிஷன், சுமை கூலி, லாரி, அழுகல் நஷ்டம், சில்லறைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம். இடையில் இருப்பவர்கள் அனைவரும் கொள்ளையர் என்று நான் நினைக்கவில்லை. அழுகும் பொருளை அடுத்த நாளுக்குள் விற்பதன் ஆபத்தை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. கோலாரில் விலை ஏறினால் மறுநாளே நம் தெருவில் ஏறுகிறது. அங்கே விழுந்தால் இங்கே விழ ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. விலை சரிந்த செய்தி வந்ததும் கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் குறையும்.

அடுத்த மாத விலையை முன்கூட்டியே கணிக்க முடியுமா? இப்போதே வாங்கி வைக்கலாமா?

ரூபாய்க் கணக்கில் முடியாது, போக்கைக் கணிக்கலாம். கர்நாடகச் சந்தைகளின் அன்றாட விலையும் வரத்தும் கிருஷி மாராட வாஹினி இணையதளத்தில் குவிண்டால் கணக்கில் வெளியாகின்றன. 100ஆல் வகுத்தால் கிலோ விலை. விலை மட்டும் ஏறி வரத்து அப்படியே இருந்தால் வெளிமாநிலத் தேவை கூடியிருக்கிறது என்று பொருள், சில வாரம் நீடிக்கலாம். வரத்து திடீரென்று விழுந்திருந்தால் பெரும்பாலும் மழை, வெயில் அடித்ததும் சரியாகும். விலை பல வாரமாக அடிமட்டத்தில் கிடந்தால் விவசாயிகள் நடவைக் குறைப்பார்கள். தக்காளிக்கு நடவிலிருந்து காய்ப்பு வரை ஆகும் காலத்தை இரண்டாம் கேள்வியில் சொன்னேன், அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

வாங்கி வைப்பதில் வெங்காயம் ஒன்றுக்குத்தான் பலன் உண்டு. மே மாதத்தில், கழுத்து நன்றாகக் காய்ந்த நாசிக் வெங்காயமாகப் பார்த்து, இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். உருளையோடு சேர்த்து வைக்க வேண்டாம், இரண்டும் சீக்கிரம் கெடும். அக்டோபர், நவம்பரில் வரும் புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், அதை ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். தக்காளி மலிந்திருந்தால் வதக்கி அரைத்து உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம், குழம்புக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது. பீன்ஸும் கீரையும் வாங்கிச் சேர்த்து வைப்பது பணத்துக்குக் கேடு.